மூலை வீட்டு நவமி

“மார்கழி 5, வியாழன். ரெய்னர்ஸ் லேன், அண்ணை வீடு. அக்கா தேத்தண்ணி தந்தா, அண்ணைக்குச் சீனியில்லை. அண்ணை சொன்னது: தை வரைக்கும் வீடு உங்களுக்குத்தான். வரும்போது மழை.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். அந்தக் குடும்பமும் நாங்களும் இன்னும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறோம். மற்றபடி மாதம், கிழமை, மழை எல்லாம் சரி.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்து, கொஞ்சக் காலம் கடை நடத்தி, பிறகு வீட்டுத் தொழிலில் இறங்கியவர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அவர் அண்ணைதான். அவர் வீடு வாங்குவதில்லை. வடக்கே, சுரங்கங்கள் மூடப்பட்டுப்போன ஊர்களில், அவசரமாக விற்கவேண்டிய வீட்டுக்காரரைத் தேடிப் பிடிப்பார். இன்ன விலைக்கு, இன்ன திகதிக்குள் வாங்கும் உரிமை தனக்கு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அந்தத் தாளுக்கு ஒப்ஷன் என்று பெயர். திகதி முடிவதற்குள் அந்த உரிமையை லண்டனில் உள்ள எங்களைப் போன்ற ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு, நடுவில் தன் பங்கை எடுப்பார். ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கேட்கும் முன்பணத்துக்கு அங்கே ஒரு முழு வீடு கிடைக்கும். வாடகைக்கு ஆளும் உடனே கிடைக்கும். இதற்கென்று அவர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். வீட்டின் படத்தைப் போடுவார். கைமாறியதும் அதே படத்தின் மேல் சிவப்பில் ‘விற்றாயிற்று’ என்று குறுக்கே எழுதிப் போடுவார். சிவப்பைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் அடுத்த படத்துக்கு அவசரப்பட்டார்கள்.

எங்களுக்கு அந்த வீடு தேவைப்பட்டது என் கணவரின் முதுகுக்காக. அவர் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றுகிற வேலை செய்தார், அதிலும் இரவு ஷிப்ட். காலையில் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பார், நான்தான் கழற்றிவிடுவேன். ஒரு வீட்டு வாடகை மாதாமாதம் வந்தால் இரவு ஷிப்டை விடலாம். மருந்துக்கடையில் என் சம்பளமும் சேர்ந்தால் சமாளிக்கலாம். அதுதான் திட்டம். அதற்கு மேல் எங்களுக்குப் பெரிய முதலீட்டுக் கனவு எதுவும் இருக்கவில்லை.

அந்த மார்கழியில் அண்ணை காட்டிய வீடு செங்கல் வரிசையில் நடுவீடு. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு. கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டார். நான்தான் மார்கழி முடியட்டும் என்றேன். எங்கள் வீட்டில் மார்கழியில் வீட்டுக் காரியம் எதுவும் தொடங்குவதில்லை. கோழிக்கூடு மாதிரி ஒரு வீட்டுக்கு என்ன மார்கழி என்று என் கணவர் முணுமுணுத்தார். அண்ணை அவரைக் கையமர்த்தினார்.

“அதுக்கென்ன தங்கச்சி, தை பிறக்கட்டும். வீடு எங்கை ஓடப்போகுது?”

பொங்கலுக்கு மறுநாள் காலையில் தொலைபேசி எடுத்தேன். வீடு போய்விட்டதாம். மார்கழியிலேயே வேறொருவருக்குக் கைமாற்றியிருக்கிறார், கூடுதல் பங்குக்கு. குழுவைத் திறந்து பார்த்தேன். சிவப்பு எழுத்து நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன்பே போடப்பட்டிருந்தது. எனக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தொலைபேசியிலும் மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு வீடு வரும், பார்த்துத் தருகிறேன் என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. தை கடைசியில் ஹரோ பக்கம் ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, ஒரு பிள்ளையின் பூப்பு நீராட்டு விழா. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், பின்னால் அதைவிட அதிகம். அண்ணை தன் மேசையிலிருந்தபடியே பரிமாறுகிற பிள்ளைகளுக்குச் சொன்னார்: “கொஞ்சம் பொறுங்கோ, பஞ்சாங்கம் வந்திட்டா. ராகுகாலம் முடிஞ்சாப்பிறகு அவவுக்குச் சோத்தைப் போடுங்கோ.”

மேசை முழுக்கச் சிரித்தது. வரிசையும் சிரித்தது. பருப்பு ஊற்றிக்கொண்டிருந்த பெண் கரண்டியைப் பிடித்தபடி, உண்மையாகவே பொறுக்க வேண்டுமோ என்று என்னைப் பார்த்தாள். என் கணவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பஞ்சாங்கம். அந்த நாளும் குறிப்பில் இருக்கிறது. மற்ற நாட்களை நீலத்தில் எழுதுவேன். அதைக் கறுப்பில் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் எனக்கு இரண்டு பஞ்சாங்கமும் கொண்டுவருவார்கள், வாக்கியமும் திருக்கணிதமும். இரண்டும் ஒரே திதியைச் சொல்லும், ஆனால் அது தொடங்குகிற, முடிகிற நேரங்கள் வேறுபடும். சில நாட்களில் மணிக்கணக்காக. எங்கள் வீட்டில் வாக்கியம்தான் பார்ப்போம். மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறேன். யாழ்ப்பாண நேரத்தைக் கோடையில் நாலரை மணியும் மாரியில் ஐந்தரை மணியும் கழித்து லண்டன் நேரமாக்கி, கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். தாலிகட்டு, ஏடு தொடக்குதல், கார் எடுத்தல் என்று எதற்கும் கேட்பார்கள். இருபது வருடமாக ஒரு சதம் வாங்காமல் செய்த வேலை அது. அதை ஒருவர் ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் பகிடியாக்கினார்.

நூலகத்திலிருந்து நிறையப் பழைய குறிப்புகளும் வரலாறுகளும் எடுத்துப் படித்திருக்கிறேன். அரண்மனையில் அவமானப்பட்ட எழுத்தர்கள் சண்டைக்குப் போனதில்லை. அவமானப்படுத்தியவன் எந்த நாளில் எங்கே தோற்றான் என்று சரியாக எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது போதவில்லை. எழுதிவைப்பதற்கு முதலில் அவர் தோற்க வேண்டும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, கணவரிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறி வடக்கே போனேன், இழந்த வீட்டைப் பார்க்க. தெருவின் முடிவில் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடு, இப்போது புல் மூடியிருந்தது. வீட்டின் வாசலில் புதுப் பூட்டு. நான் படம் எடுத்துக்கொண்டு நிற்க, வரிசையின் கடைசி வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்தபடி, கவுன்சிலிலிருந்து வந்தாயா என்று கேட்டார். இல்லை, இந்த வீட்டை வாங்கமுடியாமல் போனவள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தார்.

அவர் வீடு மூலை வீடு. பக்கத்தில் இன்னொரு வீடு கட்டுகிற அளவுக்கு வெறும் நிலம், அதில் அவருடைய கணவர் விட்டுப்போன, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய புறாக்கூடு. நடுவீட்டை விற்ற மனிதரை அவருக்கு நன்றாகத் தெரியும். லண்டனிலிருந்து வந்த கனவான் கூரை விழப்போகிறது என்றும் நிலத்தில் ஈரம் ஊறிவிட்டது என்றும் சொல்லிச் சொல்லி அந்த மனிதரைப் பயப்படுத்தித்தான் விலையைக் குறைத்தாராம். கூரைக்கு ஒன்றும் இல்லை, போட்டே அதிக காலமில்லை என்றார் கிழவி. நான் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நத்தாருக்கு வாழ்த்து மட்டை அனுப்பினேன். அவரும் அனுப்பினார்.

அடுத்த வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அவர் தொலைபேசி எடுத்தார். கடற்கரைப் பக்கம் இருக்கிற மகனோடு போய் இருக்கத் தீர்மானித்திருக்கிறார். அதே லண்டன் கனவான் வந்து, அதே கூரைக் கதையைச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். வாங்கப்போகிறவர் என்று தாளில் இருந்தது அவருடைய மனைவியின் பெயர். வருகிற வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் மனைவி கையெழுத்திட்ட அறிவித்தல் வந்தால் கிழவி விற்றே ஆகவேண்டும். வராவிட்டால் அவர் விரும்பியவருக்கு விற்கலாம். விலை குறைவு என்று இப்போது தெரிகிறது, முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. பிறருக்கே வீடு கைமாற்றிக்கொண்டிருந்த மனிதர் இந்த ஒன்றைத் தனக்கென்று எடுக்கிறார். அந்த வெறும் நிலம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. வெள்ளி தவறினால், நீங்கள் கேட்கிற நியாய விலைக்கு நான் வாங்குவேன் என்று கிழவியிடம் சொன்னேன். அந்தக் கனவான் அவகாசம் கேட்பார், கொடுக்கவேண்டும் என்று சட்டமில்லை என்றும் சொன்னேன்.

என் கணவர் எதிரே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்ததும் கேட்டார்:

“உமக்கு வீடு வேணுமோ, அண்ணையின்ரை முகம் வேணுமோ?”

“ரெண்டும்.”

“ஒண்டு கிடைச்சால் காணாதோ?”

“காணாது.”

அவர் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டு, அப்படியானால் வீட்டை முதலில் எடும் என்றார்.

ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை. அண்ணை திகதி தவறுகிறவர் அல்ல. கிழவியின் நல்லெண்ணத்தைத் தவிர வேறு எதுவும் என் பக்கம் இருக்கவில்லை. செவ்வாய் முழுக்கவும் புதன் பகல் முழுக்கவும் கடையில் மருந்துச் சீட்டுகளைப் பிழையாக அடுக்கினேன்.

புதன் பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். அக்கா என்றால் அண்ணையின் மனைவி. என்னைப் பஞ்சாங்கம் என்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் அவருக்குப் பல காரியங்களுக்கு நேரம் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

“தங்கச்சி, ஒரு நாள் பார்க்க வேணும். வடக்கிலை ஒரு மூலை வீடு, என்ரை பேரிலை எடுக்கிறார். நான்தான் கையெழுத்து வைக்க வேணும். நாளைக்கோ நாளையிண்டைக்கோ வைக்கட்டாம். என்ரை பேரிலை வாற முதல் வீடு. நாள் பாராமல் வைக்க எனக்கு மனமில்லை.”

பஞ்சாங்கம் மேசைமேல்தான் இருந்தது. வாக்கியம். விரித்தேன். மனதுக்குள் இருந்த ஆசை பக்கத்தில் எழுதியிருந்தது. வியாழன் அட்டமி. வெள்ளி அதிகாலையிலிருந்து நவமி. லண்டன் நேரமாக்கினால் அது வெள்ளி இரவுதான் முடிகிறது. இரண்டு முறை கழித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அப்படியே வாசித்துச் சொன்னேன்.

“அப்ப வெள்ளி முழுக்க நவமியோ?”

“வாக்கியத்தின்படி இரவு வரைக்கும் நவமிதான் அக்கா.”

பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

“மற்றதிலையும் ஒருக்காப் பார்க்கிறீரோ? சிலவேளை முந்தி முடியுமெல்லோ.”

“எங்கடை வீட்டிலை வாக்கியம்தான் அக்கா பார்க்கிறது.”

அதுவும் உண்மை. மற்றது புத்தகத் தட்டில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எட்டி எடுக்கவில்லை.

“சரி தங்கச்சி. நீர் சொன்னால் பிழைக்காது. சனிக்கிழமை வைக்கிறன் எண்டு சொல்லுறன். ஒரு நாள், ரெண்டு நாள் பிந்தினால் என்ன, அந்த மனிசியோடை கதைச்சால் பொறுக்கும் எண்டுதான் இவரும் சொல்லுறவர்.”

அதுதான் அண்ணையின் பிழை. அவர் எத்தனையோ பேரிடம் திகதி முடிந்தபிறகு இனிக்கப் பேசி ஒரு கிழமை, இரண்டு கிழமை நீட்டியிருக்கிறார். தாளில் இருக்கிற திகதி மற்றவர்களுக்குத்தான், தனக்கு அல்ல என்று பழகிப்போன மனிதர். எனக்குத் தை வரைக்கும் என்று தந்த வாக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கிழவியின் சமையலறையில் இருந்தேன். ஐந்து மணி ஆனது. தபாலோ மின்னஞ்சலோ எதுவும் வரவில்லை. கிழவி தன் கிராமத்து சொலிசிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார், அங்கும் வரவில்லை. நான் விலையைச் சொன்னேன். அண்ணை தாளில் எழுதியதைவிடக் கூட. கிழவி கேட்டதைவிடக் குறைவில்லை. கைகொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. கிழவி அதை மேசைமேல் வைத்துச் சத்தமாகக் கேட்கும்படி போட்டார். நான் கேட்காமலேயே செய்தார். அண்ணையின் குரல். எங்களோடு பேசாத ஒரு ஆங்கிலம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு ‘மை டியர்’. மனைவிக்குச் சுகமில்லை, திங்கள் காலை எல்லாம் சரியாகிவிடும் என்றார். கூரையைப் பற்றி இன்னொரு தரம் கவலைப்பட்டார். கிழவி என்னைப் பார்த்தபடி, நன்றி, ஆனால் எனக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது, கூரையை அவருக்குப் பிடித்திருக்கிறது என்றார். அந்தப் பக்கம் வந்த மௌனத்தை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. கடையில் ஆளில்லாத நேரங்களில், பஸ்ஸில், கோயிலில்கூட. ஒவ்வொரு தரமும் அது அதே அளவு இனிக்கிறது.

சொலிசிட்டர் வேலைகள் முடிய ஆடி வந்துவிட்டது. மார்கழியில் வீடு வாங்கமாட்டேன் என்று நின்ற நான் ஆடியில் வாங்கினேன். அதுமட்டுமல்ல. ஒப்பந்தங்கள் கைமாறவேண்டிய நாளையும் நேரத்தையும் நானே சொன்னேன்: செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில். ஏன் அந்த நேரம் என்று சொலிசிட்டர் கேட்கவில்லை. என் கணவர் கேட்டார். ராகுகாலம் என்றேன். ஒருகணம் என்னைப் பயத்தோடு பார்த்தார். அதுவும் இனித்தது.

அண்ணையின் குழுவிலிருந்து நான் விலகியிருக்கவில்லை. ஒன்றரை வருடமாக வாய் திறக்காமல் உள்ளேயே இருந்தேன். ஒப்பந்தம் கைமாறிவிட்டது என்று சொலிசிட்டர் சொன்ன அதே பின்னேரம் மூலை வீட்டின் படத்தைப் போட்டேன், புறாக்கூடும் தெரிய. குறுக்கே சிவப்பில் ‘விற்றாயிற்று’. கீழே ஒரு வரி: “ஆடிச் செவ்வாய், ராகுகாலம். – பஞ்சாங்கம்.”

என்னைக் குழுவிலிருந்து நீக்கச் சில நிமிடம் பிடித்தது. அதற்குள் பார்க்கவேண்டியவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். பிறகு தொலைபேசி வந்தது.

“தங்கச்சி, உது சரியில்லை. நான் பிடிச்ச வீடு.”

“ஓம் அண்ணை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லோ. எங்கடை ஆக்களுக்குள்ளை இப்பிடிச் செய்யிறதே?”

“வீடு எங்கை ஓடப்போகுது எண்டுதானே அண்ணை நானும் இருந்தனான்.”

அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார். எனக்கு நினைவிருந்தது, நாளும் கிழமையும் மழையும்.

மூலை வீட்டில் இப்போது ஒரு ஆஸ்பத்திரித் தாதியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். புறாக்கூட்டில் சைக்கிள்கள் நிற்கின்றன. கிழவி கடற்கரையிலிருந்து படம் அனுப்பினார். என் கணவர் இரவு ஷிப்டை விட்டுவிட்டார். இப்போது காலையில் வேலைக்குப் போகிறார், குறைந்த நேரம். சப்பாத்தை அவரே கழற்றுகிறார், மெதுவாக.

போன மாசியில் கோயில் மண்டபத்தில் ஒரு சாப்பாடு. அண்ணை எனக்கு முன்னால் தட்டோடு வரிசையில் நின்றார். நான் அவர் பின்னால் போய், “நேரம் என்ன அண்ணை?” என்று மட்டும் கேட்டேன், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படியாக. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரும்பவும் இல்லை. யாரோ சிரித்தார்கள். இந்த முறை யாரைப் பார்த்து என்பதில் சந்தேகமில்லை. அக்கா தூரத்தில் பெண்களோடு இருந்தார். என்னைக் கண்டும் காணாததுபோல் இருந்தார். அவர் இப்போது நாள் பார்க்க வேறு யாரையோ கேட்கிறார் என்று அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து அன்றைய குறிப்பை எழுதும்போது, நீலமா கறுப்பா என்று யோசிக்காமல் சிவப்பில் எழுதினேன். என் கணவர் தேத்தண்ணியோடு வந்து புத்தகத் தட்டைக் காட்டினார்.

“அந்த மற்றப் பஞ்சாங்கத்தை இன்னும் பார்க்கேல்லையே நீர்?”

“இல்லை.”

“எல்லாத்தையும் பார்க்கிற ஆள்.”

தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

உண்மைதான். மோர்டனில் ஒருவர் தன் கலியாண நாளைப் பிழையாகச் சொன்னபோதுகூட நான் தேடித் திருத்தியிருக்கிறேன். இந்தப் பக்கங்களில் உள்ள கிழமைகளையும் திதிகளையும் குறிப்போடும் வாக்கியத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒன்றைத் தவிர. அந்த வைகாசி வெள்ளிக்கிழமை திருக்கணிதத்தின்படி நவமி எத்தனை மணிக்கு முடிந்தது, லண்டன் நேரம் ஐந்துக்கு முன்பா பின்பா என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆண்டுத் திருக்கணிதம் தட்டில்தான் இருக்கிறது. சரிபார்க்கப்படவில்லை.